ஜப்பானில் பைக் லைசென்ஸ்: எட்டு போட்டவர் பலகையில் விழுவது ஏன்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் அது மூன்று நாளாக என்னை விடவில்லை. நாகோயாவிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். "அண்ணா, ஊரில் பதினைந்து வருடம் பைக் ஓட்டியவன் நான். ஜப்பான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்திய லைசென்ஸை இங்கே மாற்றப் போனேன், இரண்டு தடவை ஃபெயில் செய்துவிட்டார்கள். இன்னொரு தடவை போகட்டுமா, டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டட்டுமா? பதினைந்து வருடம் ஓட்டியவனுக்கு இவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?"

அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதே வரியை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், அதைவிடச் சத்தமாக.

முதலில் சட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி கொடுப்பது, இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் செல்லும். நடுவில் பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரத்தில் திரும்பினால் அந்த ஒரு வருடம் புதிதாகத் தொடங்காது. மூன்று மாதமாவது வெளியே இருந்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஓட்டினால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டிய கணக்கு.

ஆகவே மாற்றத்தான் வேண்டும். அதற்கு, லைசென்ஸ் வாங்கிய பிறகு ஊரிலேயே மொத்தம் மூன்று மாதமாவது இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். அதனால் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இருக்கிற முத்திரைகள்தான் சாட்சி. லைசென்ஸின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, வசிப்பிடச் சான்று, இரண்டும் வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வும் கடினமாகிவிட்டது. முன்பு 10 கேள்வி, 7 சரியாக இருந்தால் போதும். இப்போது 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். நண்பர் இதையெல்லாம் தாண்டி, ஓட்டிக்காட்டும் இடத்தில்தான் மாட்டியிருக்கிறார். நானும் அங்கேதான் மாட்டினேன்.

கார் லைசென்ஸ் பற்றிப் பேசியபோது "கழுத்து, கழுத்து" என்று நான் கத்தியது பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். கிண்டல் செய்து நிறையப் பேர் எழுதினீர்கள். சரி, மறுபடியும் கத்துகிறேன். இவர்கள் லைசென்ஸ் கொடுப்பது கைக்கும் காலுக்கும் இல்லை, கழுத்துக்கு.

என் முதல் தேர்வைச் சொல்கிறேன். 400 சிசி வண்டி, 200 கிலோ கிட்ட எடை. ஏறினேன், கிளப்பினேன், ஒரு சுற்று அழகாக ஓட்டிவிட்டு வந்தேன். எனக்கே பெருமை. அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வண்டியில் ஏறும் முன் பின்னால் பார்க்கவில்லை. இடது பக்கம் திரும்பும்போதும் பார்க்கவில்லை. தடம் மாறும்போதும் பார்க்கவில்லை" என்றார். கண்ணாடியில் பார்த்தேனே என்றேன். அவர் கோபப்படவில்லை, பணிவாகத்தான் சொன்னார்: "நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியவில்லை." பேருந்தில் திரும்பி வரும்போது முழுக்க அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நான் பார்த்தது எனக்குத் தெரிந்தால் போதாதா?

போதாது. கண்ணாடியில் தெரியாத மூலையில்தான் சைக்கிள்காரர் இருப்பார். தலையைத் திருப்பினால்தான் அவர் தெரிவார். அதோடு, நம் தலை திரும்புவதைப் பார்த்தால் அவருக்கும் நாம் எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று புரிந்துவிடும். இது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. வளைவில் திரும்பும்போது என் கட்டைவிரல் தானாகப் போய் ஹாரனை அமுக்கிவிட்டது. மைதானத்தில் யாருமே இல்லை! ஊரில் ஹாரன் என்பது வணக்கம் சொல்வது மாதிரி. இங்கே ஹாரன் அடிக்கச் சொல்லும் சாலைக் குறியீடு இருக்கும் இடத்திலோ ஆபத்தைத் தவிர்க்கவோ தவிர ஹாரன் அடிப்பதே சட்டப்படி தவறு. அதே மாதிரிதான் ஃப்ரீ லெஃப்ட்டும். சிவப்பு விளக்கில் இடது பக்கம் நழுவிவிடும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். இரண்டு நாட்டிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்து ஏமாறுவது இந்த மாதிரி இடங்களில்தான். கியரும் அப்படித்தான். நம் ஊர் நூறு சிசி வண்டிகள் பலவற்றில் எல்லா கியரும் ஒரே பக்கம் மிதிப்பது. இங்கே முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பதற்றத்தில் கால் பழைய வழிக்கே போகும்.

இப்போது பலகைக்கு வருகிறேன். ஊரில் எட்டு போட்டுத்தானே லைசென்ஸ் வாங்கினோம்? இங்கே எட்டு ஓட்டிக்காட்டச் சொல்வதில்லை, "இப்போன்பாஷி" இருக்கிறது. ஒற்றைப் பாலம் என்று அர்த்தம், அதுதான் நான் சொன்ன பலகை. 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் மெதுவாகப் போக வேண்டும், 400 சிசி வரைக்குமான லைசென்ஸுக்கு 7 நொடிக்குக் குறையாமல், பெரிய வண்டி என்றால் 10 நொடி. வேகமாகப் போய்விட்டால் மதிப்பெண்தான் குறையும். சக்கரம் கீழே இறங்கினால் தேர்வே அதோடு முடிந்தது. என் இரண்டாவது தேர்வு அப்படித்தான் நாலாவது மீட்டரில் முடிந்தது.

காரணம், நான் முன் சக்கரத்தைப் பார்த்தேன். சக்கரத்தைப் பார்த்தால் சக்கரம் விழும். பார்வையைப் பலகையின் முடிவுக்கும் அந்தப் பக்கம் வைத்து, முழங்காலால் டேங்கை இறுக்கி, கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போனால் வண்டி தானாக நேராகப் போகும். பாருங்கள், இதுவும் கழுத்துதான்! நிமிர்ந்த கழுத்து. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பயிற்சி மைதானத்தில் இரண்டு மணி நேரம் இதை மட்டும் செய்துவிட்டுப் போய் மூன்றாவது தடவை பாஸ் ஆனேன்.

நண்பரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்று திட்டுவீர்கள். சரி. உங்களிடம் ஏற்கெனவே ஜப்பானிய கார் லைசென்ஸ் இருந்தால் ஸ்கூலில் 400 சிசிக்கு 17 மணி நேர ஓட்டும் வகுப்பு, ஒரே ஒரு மணி நேரப் பாடம். கார் லைசென்ஸ் இல்லையென்றால் ஓட்டுவது 19 மணி, பாடம் 26 மணி, மொழி தெரியாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை. முதல் வகைக்கே ஒரு லட்சம் யென் தாண்டிவிடும். ஆனால் ஸ்கூலில் பாஸ் செய்துவிட்டால் லைசென்ஸ் மையத்தில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டாம். என் யோசனை: ஸ்கூலுக்குக் கட்டும் முன் பயிற்சி மைதானத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை போங்கள். உங்களை ஃபெயில் செய்த காரணத்தை எழுதவே இல்லை. நிச்சயம் கழுத்தாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கார் லைசென்ஸிலேயே 50 சிசி ஓட்டலாமே என்று எப்போதும் ஒருவர் எழுதுவார். ஓட்டலாம். மணிக்கு 30 கிலோமீட்டர்தான், பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப இரண்டு கட்டமாகப் போக வேண்டும். காய்கறி வாங்கப் போதும்.

அப்புறம், வீட்டம்மாவைப் பின்னால் உட்கார வைக்கலாமா என்றும் நாகோயா நண்பர் கேட்டிருந்தார். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆக வேண்டும். எக்ஸ்பிரஸ்வே என்றால் மூன்று வருடம், வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். அதுவரை அவரை ரயிலில் அனுப்புங்கள்.

போன வருடம் மதுரைக்குப் போயிருந்தேன். நண்பனின் வண்டியை வாங்கி ஓட்டினேன், அவன் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, மூன்றாவது திருப்பத்தில் அவன் என் தோளைத் தட்டிக் கேட்டான்: "யாரைடா தேடுற?"