ஊட்டியும் மெக்சிகோவும் ஒரே உயரம்

நேயர்களுக்கு வணக்கம். எழுபதுகளில் உதகை அரசு கலைக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் பலர் இன்று தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கல்லூரி இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா. அங்கே 1955-ல் கல்லூரி வந்தது. ஹட்டி என்கிற மலைக் கிராமங்களிலிருந்து படுகர் வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், பஜார் கடைக்காரர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மலையில் சமதரைக்குத்தான் பஞ்சம். வாலிபாலுக்குக் கொஞ்சம் இடத்தைச் செதுக்கினால் போதும்; அதனால் எங்கே பார்த்தாலும் வாலிபால் வலை. கால்பந்துக்கு அப்படி முடியாது. கிடைத்த மைதானத்திலும் ஜூன் பிறந்தால் மழை. தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். தலையால் முட்டினால் பொறி கலங்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிர் கோல் கம்பமே தெரியாது. "இடது பக்கம்! இடது பக்கம்!" என்ற குரலை வைத்துத்தான் கோல்கீப்பர் தயாராவார்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1968 ஒலிம்பிக்ஸ் மெக்சிகோ நகரத்தில் நடந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். நம் ஊட்டியும் ஏறத்தாழ அதே 2,240 மீட்டர்தான்! எங்கள் பி.டி. சார் இதைச் சொல்லாத நாளே கிடையாது. அங்கே நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். பழைய உலக சாதனை 8.35 தான். காற்று லேசாக இருந்ததும் அதற்குக் கொஞ்சம் கைகொடுத்தது. ஆனால் 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. முதலில் வந்தவர் கென்யாவின் நப்தாலி தெமு, இரண்டாவது எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. இரண்டு பேருமே மேட்டு நிலத்துக்காரர்கள்.

பி.டி. சார் இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்ப்பார். "அவங்க மூச்சும் உங்க மூச்சும் ஒண்ணுதாண்டா!" இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். அதை ஈடுகட்ட உடம்பு ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. அதோடு கீழே இறங்கினால் மூச்சு தாராளமாக வரும். அப்போது நாங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். பாரதியார் பல்கலைக்கழகம் 1982-ல்தான் வந்தது. போட்டிக்குக் கோவை போனால், தினமும் ஹட்டியிலிருந்து மேடேறி நடந்து வந்த நம் பையன்கள் நெடுந்தூர ஓட்டத்தில் கடைசிச் சுற்றிலும் முகம் வாடாமல் ஓடுவார்கள். வெயில்தான் அவர்களைப் படுத்தியது, தூரமல்ல.

பந்தின் கதையையும் சொல்ல வேண்டும். ஊட்டியில் கல் மாதிரி காற்றடித்து எடுத்துப்போன வாலிபால், மேட்டுப்பாளையம் தாண்டியதும் அமுக்கினால் உள்ளே போகும். பந்து ஓட்டை இல்லை. கீழே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம், அவ்வளவுதான். அதனால் பையில் முதலில் வைப்பது பம்ப். சர்வீஸும் அப்படித்தான். இங்கே கோட்டின் மேல் விழும் பந்து அங்கே அடர்ந்த காற்றில் முன்னாலேயே விழும். முதல் செட் முடிவதற்குள் கை அதற்குப் பழக வேண்டும்.

இந்த உயரம் நமக்குச் சும்மா கிடைத்த சொத்து. வெளியூர் வீரர்கள் பணம் செலவழித்து மலையேறிப் பயிற்சி எடுக்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளையை ஓட வைக்க நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? மறுபடியும் சொல்கிறேன்: மெக்சிகோவும் ஊட்டியும் ஒரே உயரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். விடுதி வாழ்க்கையைப் பற்றி நிறைய வைத்திருந்தேன்: விறகு அடுப்பு வெந்நீருக்கு வாளியோடு நின்ற வரிசை, ஈர ஜெர்சியை அடுப்படியில் காயவைத்ததில் ஏறிய புகை வாசம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டென்னிகாய்ட் வளையம் வீசி ஆடிய மாணவிகளைப் பற்றி ஒரு தனி உரையே பேசலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழைய டீம் போட்டோ வீட்டில் இருந்தால், பின்பக்கம் பெயர்களை எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.