புஷ்-பிட் இணைப்பை எங்க நம்பலாம், எங்க நம்பக்கூடாது

[காட்சி: சமையலறை சிங்குக்குக் கீழே. வெள்ளை ரியூப், நீலக் கிளிப் போட்ட சின்ன எல்போ. நுனியில் ஒரு துளி திரண்டு விழுகிறது.]

மட்டக்களப்புல, அம்பாறையில குடிதண்ணி பில்டர் பூட்டின வீடுகள்ல இந்த இணைப்பைப் பார்த்திருப்பீங்க. கம் இல்லை, திரெட் டேப் இல்லை, ஸ்பேனர் இல்லை. ரியூப்பை உள்ள தள்ளினா அதுவே பிடிச்சுக்கொள்ளும். இதே முறையில அரை இஞ்சி, முக்கால் இஞ்சி பைப்புக்கும் பிட்டிங் வருது. கட்டாரில இருந்தும் லண்டன்ல இருந்தும் வாற சொந்தக்காரர் சூட்கேஸ்ல கொண்டு வாறாங்க, ஒன்லைன்ல எடுக்கிறவங்களும் இருக்காங்க. கம் போடாத மூட்டு வருசக் கணக்கா தாங்குமா எண்டதுதான் எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம்.

தாங்கும், சரியான பைப்பில முழுசா ஏறியிருந்தா. ஒழுகின புஷ்-பிட் மூட்டைக் கழற்றிப் பார்த்தா பழுது பெரும்பாலும் பிட்டிங்ல இருக்காது, பைப்பிலதான் இருக்கும். ஏன் அப்படி எண்டது உள்ள பார்த்தா விளங்கும்.

[காட்சி: நெடுக்காக இரண்டாக அறுத்த பிட்டிங். விரல் ஒவ்வொரு பாகமாகக் காட்டுகிறது.]

வாய்ப்பக்கம் இருக்கிறது விடுவிக்கிற வளையம். கழற்றும்போது அமத்துறது அதைத்தான். அதுக்கு அடுத்தது துருப்பிடிக்காத உருக்கில செய்த பல் வளையம். பல்லெல்லாம் உள்பக்கம் சரிஞ்சு நிக்குது, பாருங்க. வாய்க்கால்ல வைக்கிற மீன் பறியின்ர வாய் மாதிரித்தான், உள்ள போறதுக்கு வழி விடும், திரும்பி வர விடாது. பைப்பை வெளியில இழுக்க இழுக்க பல் இன்னும் ஆழமாக் கடிக்கும். அதையும் தாண்டி உள்ள கறுப்பு ஓ-ரிங், ஈபிடிஎம் எண்ட றப்பர். கடைசியில பைப் முட்டி நிக்கிற தடுப்பு.

பல் வளையம் பைப்பைப் பிடிக்குது, ஓ-ரிங் தண்ணியை மறிக்குது. ரெண்டும் வேற வேற இடத்தில இருக்கிறதைக் கவனிங்க. பைப்பை அரைவாசி தள்ளினாலும் பல் பிடிச்சிடும். இழுத்துப் பார்த்தா வராது, "சரி, பூட்டியாச்சு" எண்டு விட்டிடுவாங்க. ஆனா பைப்பின் நுனி ஓ-ரிங்கைத் தொட்டும் தொடாமலும் நிக்குது. அண்டைக்கு ஒழுகாது. ரெண்டு நாள் கழிச்சு மோட்டர் போட்ட நேரம், இல்லாட்டி பைப் கொஞ்சம் அசைஞ்ச நேரம் பீச்சும்.

இதுக்கு ஒரு பேனை போதும். பிட்டிங்கோட வாற தாள்ல எவ்வளவு ஆழம் போகவேணும் எண்டு இருக்கும். அரை இஞ்சி வகைக்கு அது கிட்டத்தட்ட 25 மில்லிமீற்றர். பைப்பில அந்த அளவை முதல்லயே சுத்திவரக் கோடு போட்டு, கோடு பிட்டிங்கின் வாயைத் தொடும்வரைக்கும் தள்ளுங்க. கோடு போடாம பூட்டினா பைப் முழுசா ஏறினதா இல்லையா எண்டு வெளியில இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

[காட்சி: வேர்னியர் காலிப்பர். நான்கு துண்டுப் பைப்புகள் வரிசையாக.]

இப்ப அளவுக்கு வருவம். எங்கட பக்கம் கூடுதலான ஒழுக்கு இந்த இடத்திலதான் தொடங்குது.

மேசையில இருக்கிற நாலு பைப்புக்கும் பேர் "அரை இஞ்சி". ஒவ்வொண்டின் வெளிவிட்டத்தையும் அளப்பம். ஐரோப்பாவில பாவிக்கிற செம்புக் குழாய் 15 மில்லிமீற்றர். சுடுதண்ணிக்குப் போடுற சிபிவிசி 15.9. மெற்றிக் அளவு பிவிசி 20. பழைய ஜிஐ பைப், அதாவது சிங்க் பூசின இரும்புக் குழாய், 21.3. பேர் ஒண்டு, அளவு நாலு. அரை இஞ்சி எண்டா கணக்குப்படி 12.7, இந்த நாலில எதுவும் அது இல்லை. அது பேருக்கு வைச்ச அளவு மட்டும்தான்.

புஷ்-பிட் பார்க்கிறது வெளிவிட்டத்தை மட்டும். 15.9-க்குச் செய்த பிட்டிங்கில 15 மில்லிமீற்றர் குழாயைத் தள்ளிப் பாருங்க. லேசாப் போகும், பல்லும் பிடிக்கும். ஆனா சுத்திவர அரை மில்லிமீற்றருக்குக் கிட்ட இடைவெளி. ஓ-ரிங் மொத்தமா அமுங்குறதே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, அதில பாதி போனா என்ன மிஞ்சும்? இது உடனே பீச்சாம மெல்லக் கசியும், அதாலதான் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

ஹாட்வெயார் கடையில நீங்க வாங்குற சாதாரண பிவிசி பைப்புக்கு, செம்புக்கும் சிபிவிசிக்கும் எண்டு செய்த பிட்டிங் சேராது. பிவிசிக்கு எண்டு தனியாச் செய்த புஷ்-பிட் இருக்கு. உறையில பிவிசி எண்டும், உங்கட பைப்பின் வெளிவிட்டமும் எழுதியிருக்கவேணும். எழுதியில்லாட்டி வாங்காதீங்க. ஜிஐ பைப்புக்கு இந்த முறையே வேண்டாம். அதின்ர மேற்பரப்பு சொரசொரப்பு, ஓ-ரிங் அதில ஒட்டி இருக்காது.

அழுத்தத்தைப் பற்றி நிறையப் பேர் பயப்படுறாங்க. கணக்கைப் பாருங்க. தண்ணி 10 மீற்றர் உயரத்தில நிண்டா ஏறக்குறைய 1 பார், அழுத்தத்தை அளக்கிற அலகு அது. உங்கட தாங்கி பைப்படியில இருந்து 5 மீற்றர் உயரம் எண்டா அரைப் பார். 20 மில்லிமீற்றர் பைப்பை அது வெளியில தள்ளுற விசை ஒன்றரைக் கிலோ பாரம் அளவு. பம்ப் நேரடியா 3 பார் குடுத்தாலும் பத்துக் கிலோவுக்குக் கிட்டத்தான். நல்ல பிட்டிங்கின் தாங்குதிறன் 10 பாருக்கு மேல எழுதியிருக்கும். அதால வீட்டுத் தாங்கித் தண்ணி இதைப் பிடுங்காது. பம்ப் வாயோட ஒட்டின இடம் மட்டும் வேற கதை. அங்க அழுத்தத்தை விட அதிர்வுதான் பிரச்சினை. நாள் முழுக்க அதிர்ந்தா பல் கடிச்ச இடம் தேயும். அங்க திரெட் போட்ட யூனியன், அதாவது முறுக்கிப் பூட்டுற இணைப்பு, பூட்டுங்க.

[காட்சி: ஹக்சோவால் அறுத்த பைப் முனை, மிக அண்மையில். ஓரத்தில் சுருண்ட பிசிறு.]

வெட்டுறது. ஹக்சோ பிளேட்டால அறுத்த முனை இது. ஓரத்தில சுருள் சுருளாப் பிசிறு நிக்குது. இதை அப்படியே தள்ளினா பிசிறு ஓ-ரிங்கைக் கீறும். பிவிசி கட்டர் இருந்தா அதால நேரா வெட்டுங்க. ஹக்சோதான் எண்டா ஒரு கடதாசியைப் பைப்பில சுத்தி, அதின்ர விளிம்பைப் பிடிச்சு அறுத்தா வெட்டு நேரா வரும். பிறகு வெளி ஓரத்தை எமரி பேப்பரால மெல்ல உருட்டுங்க. முனையில இருந்து 30 மில்லிமீற்றர் தூரத்துக்கு நகத்தால தடவிப் பாருங்க. நெடுக்குக் கீறல் நகத்தில தட்டுப்பட்டா அந்தத் துண்டை வெட்டி எறியுங்க. சுத்திவரக் கிடக்கிற கீறலை ஓ-ரிங் பொறுக்கும், நெடுக்குக் கீறல் தண்ணிக்கு வாய்க்கால்.

அல்கத்தீன் (பொலித்தீன்) மாதிரி மென்மையான பைப் எண்டா உள்ளுக்கு ஒரு தாங்கு குழல் போடவேணும். போடாட்டி பல் இறுக இறுக பைப் உள்பக்கம் நசியும். தள்ளுறது கஷ்டமா இருந்தா தண்ணி தொட்டுத் தள்ளுங்க, இல்லாட்டி சிலிக்கன் கிறீஸ். மோட்டர் கிறீஸ், வசலின் ரெண்டும் கூடாது, ஈபிடிஎம் றப்பர் எண்ணெயில ஊதிப்போகும். பிவிசி கம்மும் இதுக்குள்ள போகக்கூடாது. "எதுக்கும் கொஞ்சம் கம் பூசி விடுவம்" எண்டு செய்யிறதுதான் நல்ல பிட்டிங்கைப் பாழாக்குற வேலை.

[காட்சி: முற்றத்துக் குழி. மணல் சரிந்து பைப்பில் ஒட்டுகிறது.]

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, திருக்கோவில் எண்டு கரையோரம் முழுக்க மணல். முற்றத்தில பைப் உடைஞ்சா தோண்டுற குழி சரிஞ்சுகொண்டே இருக்கும். ஒரு மணல் பருக்கை ஓ-ரிங்குக்கும் பைப்புக்கும் நடுவில இருந்தாப் போதும், அது ஒழுகும். அதால குழியை அகலமாத் தோண்டுங்க, பைப்புக்குக் கீழ ஒரு சாண் ஆழம் கூட எடுத்து, சாக்கு விரிச்சு, போத்தல்ல நல்ல தண்ணி வைச்சு முனையைக் கழுவிப் போட்டுப் பூட்டுங்க. பிட்டிங்கை கடைசி நிமிசம் வரைக்கும் பையில இருந்து எடுக்காதீங்க.

மாரி காலத்தில, நவம்பர், டிசம்பர்ல குழிக்குள்ள தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும். கேட் வால்வைப் பூட்டினாலும் சொட்டுறது நிக்காது. ஈரப் பைப்பில கம் பிடிக்காது. புஷ்-பிட் கம்மை வெல்லுறது இந்த இடத்திலதான், ஈரம் இதுக்கு ஒரு பொருட்டில்லை. வெடிப்பு 50 மில்லிமீற்றருக்குள்ள எண்டா வழுகுற வகைச் சொக்கற், அதாவது பைப்பில நகர்த்தக்கூடிய இணைப்பு, ஒண்டு போதும். அதுக்கு மேல எண்டா ரெண்டு சொக்கற்றும் நடுவில புதுப் பைப்புத் துண்டும். ஊத்தைத் தண்ணி பைப்புக்குள்ள போயிருக்கும் எண்டதை மறக்காதீங்க. பூட்டின பிறகு அஞ்சு நிமிசமாவது திறந்து விட்டுக் கழுவுங்க, அதுவரைக்கும் பில்டருக்குப் போற வால்வு பூட்டியே இருக்கட்டும்.

பித்தளை உடம்பு போட்ட பிட்டிங்கை வாவிக் கரையிலயும் கடற்கரையிலயும் மண்ணுக்குள்ள அப்படியே விடாதீங்க. உப்பில இருக்கிற குளோரைட்டு பித்தளையில இருக்கிற நாகத்தை (சிங்க்) கரைக்கும், உருக்குப் பல்லிலயும் புள்ளி புள்ளியா அரிக்கும். கிணத்துத் தண்ணி உவர் எண்டா உள்ளுக்குள்ளயும் இதுதான் நடக்கும். அப்படியான வீட்டில புஷ்-பிட்டை அவசரத்துக்குப் போட்டுட்டு, மழை விட்டு மண் காய்ஞ்சதும் கம் போட்ட பிவிசி சொக்கற்றா மாத்துறது நல்லது. பிவிசிக்கு உப்பு ஒண்டும் செய்யாது, விலையும் பல மடங்கு குறைவு. காய்ஞ்ச பைப், போதிய நேரம், கை போற இடம், மூண்டும் இருந்தா கம்மே போதும்.

கூரையில, தாங்கியடியில பிளாஸ்டிக் புஷ்-பிட்டை வெயில்ல விடாதீங்க. வெளிறி வெடுவெடுத்த பழைய பிவிசியில பல் கடிச்சா அந்த இடத்திலயே வெடிக்கலாம். மூட்டின் ரெண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குள்ள கிளிப் அடிங்க, புஷ்-பிட் மூட்டு பூட்டின பிறகும் சுழலும்.

[காட்சி: மீண்டும் சிங்குக்குக் கீழே. ரியூப்பைக் கழற்றுகிறார்கள்.]

இனி அந்தச் சொட்டு. பில்டர் ரியூப் கால் இஞ்சி, அதாவது 6.35 மில்லிமீற்றர். காற்று லைனுக்கு விக்கிற 6 மில்லிமீற்றர் ரியூப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ரியூப்பில அச்சடிச்ச அளவை வாசிச்சு வாங்குங்க. வால்வைப் பூட்டி, நீலக் கிளிப்பை எடுத்து, வளையத்தை ரெண்டு பக்கமும் சமமா அமத்திப் பிடிச்சு ரியூப்பை இழுங்க. இந்த முனை சரிவா வெட்டியிருக்கு, பல் கடிச்ச தடமும் தெரியுது. அந்த முனையை 20 மில்லிமீற்றர் வெட்டி எறிஞ்சு, புது பிளேட்டால நேரா வெட்டி, கோடு போட்டுத் தள்ளிக் கிளிப்பைப் போடுங்க.

வால்வை மெல்லத் திறந்து, மூட்டைத் துணியால துடைச்சுப் போட்டு, ரிஷூவைச் சுத்தி வைச்சு விடியப் பாருங்க. இரவில ஊர்ச் சனம் தண்ணி பாவிக்கிறதை நிப்பாட்டின பிறகுதான் லைன் அழுத்தம் ஏறும், அதால பகல்ல பார்த்த பத்து நிமிசம் காணாது. சுவருக்குள்ள இருக்கிற மூட்டு எண்டா ஒரு நாள் முழுக்கப் பார்க்காம சீமெந்து பூசாதீங்க, பூசினாலும் அந்த இடத்தில திறக்கக்கூடிய மூடி ஒண்டு விடுங்க. மீற்றருக்கு முன்னால இருக்கிற பைப்பில கை வைக்காதீங்க, அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. 1939-க்கு அழைச்சு அறிவியுங்க.