அனுமதி கேட்காத பணம்

[திரையில்: 2010 டிசம்பர் நாட்காட்டி. மூடிக்கொள்ளும் ஒரு நன்கொடைப் பெட்டி.]

குரல்: அமெரிக்கத் தூதரகங்களின் ரகசியத் தகவல்களை விக்கிலீக்ஸ் என்ற இணையதளம் வெளியிடத் தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பணப் பரிமாற்ற நிறுவனங்களான விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் அதற்கு நன்கொடை போகும் வழியை அடைத்துவிட்டன. எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்பு சொல்லவில்லை. விக்கிலீக்ஸை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் என் பணத்தை நான் யாருக்குக் கொடுப்பது என்பதை நடுவில் இருப்பவர் எப்படி முடிவு செய்யலாம்?

தனிமனித சுதந்திரமே முதன்மை என்று சொல்லும் லிபர்டேரியன்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. உழைப்பு உன்னுடையது என்றால் அதன் பலனும் உன்னுடையது, அதில் கைவைக்க அரசுக்கும் எல்லை உண்டு என்பார்கள். பணம் வெளியிடும் உரிமை அரசிடம் மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஹாயெக் 1976-லேயே கேட்டுவிட்டார்.

[திரையில்: பிட்காயினின் முதல் பிளாக்]

2008-ல் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டன. அரசுகள் மக்கள் பணத்தைப் போட்டு அவற்றைத் தூக்கி நிறுத்தின. அந்தக் கோபம் ஆறுவதற்குள், பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தின் 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்குக்குள், அதாவது அதன் கணக்கேட்டின் முதல் பக்கத்துக்குள், அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்பு ஒன்றைப் பதித்து வைத்தார் அதை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ. பிரிட்டன் நிதியமைச்சர் வங்கிகளை இரண்டாவது முறையாகக் காப்பாற்றப் போகிறார் என்ற செய்தி அது. சரியாக விளக்கிச் சொன்னால் லிபர்டேரியன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பே அவர் எழுதியும் இருந்தார்.

பிட்காயினில் கணக்கேடு உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்கள்தான் வரும். உங்கள் பிரைவேட் கீ, அதாவது உங்களிடம் மட்டும் இருக்க வேண்டிய ரகசியச் சாவி எண், கையெழுத்திட்டால் பணம் போகும். தடுக்க மேனேஜர் கிடையாது. கீ தொலைந்தால் மீட்டுத் தரவும் ஆள் கிடையாது. 2011 ஜூனில் விக்கிலீக்ஸ் இந்த வழியில்தான் நன்கொடை வாங்க ஆரம்பித்தது.

[திரையில்: ஒரு சாவி, கை மாறுகிறது]

இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அந்தச் சுதந்திரம் முழுக்க அந்தக் கீயில்தான் இருக்கிறது. பிட்காயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் வாங்கி அங்கேயே விட்டுவைத்தால், கீ அவர்களிடம். பழைய நடுவர் போய்ப் புது நடுவர் வந்துவிட்டார், அவ்வளவுதான். டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றார்கள். பிறகு 2,00,000 கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு பிட்காயின் திரும்பி வரத் தொடங்கியது 2024 ஜூலையில், நீதிமன்றம் நியமித்த அதிகாரியின் வழியாக.