ஹால் டிக்கெட் எங்கே? கனவுகள் ஏன் இப்படிக் கோணல் மாணலாக வருகின்றன

[திரை: காலியான பரீட்சை ஹால். மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.]

பிளஸ் டூ முடித்து இருபது வருடம் ஓடிவிட்டது. வேலை, வீட்டுக் கடன், பள்ளிக்குப் போகும் பிள்ளை எல்லாம் வந்தாயிற்று. ஆனால் ராத்திரி கனவில் கணக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட்டைக் காணோம். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் அது பாட்டி வீட்டு முற்றமாக இருக்கிறது. சூப்பர்வைசராக நிற்பவர் ஆபீஸில் பக்கத்து சீட்காரர். கொஸ்டின் பேப்பரைப் பிரித்தால் படித்தே இராத பாடம்.

பாட்டி வீட்டு முற்றத்தில் பரீட்சை நடப்பதைக்கூட விட்டுவிடலாம். "நான்தான் எப்பவோ பாஸ் பண்ணிட்டேனே, இங்கே எதுக்கு உட்கார்ந்திருக்கேன்?" என்ற கேள்வி, கனவு முடியும்வரை நமக்கு வருவதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். ஆக, விளக்க வேண்டியவை இரண்டு: ஒட்டாத துண்டுகள் ஏன் ஒன்றாக வந்து சேர்கின்றன, அதை நாம் ஏன் மறுபேச்சு இல்லாமல் நம்பிவிடுகிறோம்.

[திரை: சுருள் காகிதத்தில் பேனா முனைகள் கோடு கிழிக்கும் பழைய இயந்திரம்.]

1951 டிசம்பர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், ஓரங்கட்டி வைத்திருந்த ஒரு பழைய மூளை அலைப்பதிவு இயந்திரத்தைத் தூசு தட்டி எடுக்கிறார். அடிக்கடி மக்கர் செய்யும் இயந்திரம். ராத்திரி முழுக்கத் தூங்கிக் காட்ட ஆள் வேண்டும். எட்டு வயது மகன் ஆர்மண்டை உட்கார வைத்து, தலையிலும் கண் ஓரத்திலும் கம்பிகளை ஒட்டிப் படுக்க வைத்தார்.

நடு ராத்திரியில் பேனா முனைகள் தாறுமாறாக ஆட ஆரம்பித்தன. பையன் விழித்துக்கொண்டான் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், அவன் அயர்ந்து தூங்குகிறான். மூடிய இமைக்குள் கண்விழிகள் மட்டும் இங்கும் அங்கும் ஓடுகின்றன. அவருடைய பேராசிரியர் நதேனியல் கிளெய்ட்மன் லேசில் நம்பக்கூடியவர் இல்லை. பலரைத் தூங்க வைத்து, கண் ஓடும் நேரத்தில் எழுப்பிக் கேட்டார்கள். அப்படி எழுப்பிய 27 தடவையில் 20 தடவை விவரமான கனவு கிடைத்தது. கண் ஓடாத நேரத்தில் எழுப்பிய 23 தடவையில் 19 தடவை ஒன்றுமே ஞாபகம் இல்லை. 1953-இல் இது வெளியானது. கண் இப்படி வேகமாக ஓடும் தூக்கத்தைத்தான் இன்று ரெம் (REM) தூக்கம் என்கிறோம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனவு ரெம் தூக்கத்தில் மட்டும்தான் வரும் என்று பல வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. மற்ற நேரங்களிலும் கனவு வருகிறது. நீளமாகவும் கதையாகவும் கிறுக்குத்தனமாகவும் வருகிற கனவுகள்தான் பெரும்பாலும் ரெம் தூக்கத்துக்குச் சொந்தம்.

இந்தத் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. முதல் சுற்றில் பத்து நிமிடம்போலத்தான் இருக்கும். விடிய விடிய நீண்டுகொண்டே போய், கடைசிச் சுற்றில் அரை மணி நேரத்தையும் தாண்டலாம். அந்தக் கனவின் நடுவில்தான் அலாரம் அடிக்கிறது, அல்லது பால்காரர் மணி அடிக்கிறார். நீளமான கனவு, அதுவும் பாதியில் விழித்த கனவு. அதனால்தான் அது மனதில் நிற்கிறது.

[திரை: நான்கு யாமங்களாகப் பிரித்த இரவு. கடைசிப் பகுதி வெளுத்துக்கொண்டு வருகிறது.]

"விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கு இதோடு சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் கனாநூல் என்றே ஒரு பழைய நூல் உண்டு. எந்த யாமத்தில் கண்ட கனவு எத்தனை காலத்தில் பலிக்கும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்கிறது. விடியலை நெருங்க நெருங்கப் பலனும் சீக்கிரம் வரும் என்பது அதன் போக்கு. விடியற்காலைக் கனவுக்கு ஏதோ தனித்தன்மை இருக்கிறது என்று அவர்கள் கவனித்தது சரிதான். ஆனால் அந்தத் தனித்தன்மை ஞாபகத்தில் தங்குவதில் இருக்கிறது. ஞாபகம் இருக்கும் கனவைத்தானே பிறகு நடப்பதோடு பொருத்திப் பார்க்க முடியும்? முதல் யாமத்தில் கண்டு மறந்துபோன கனவு பலித்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

சரி, மூளைக்குள் போவோம்.

[திரை: தூங்கும் மனிதரின் மூளை. சில இடங்கள் பளிச்சென்றும் சில மங்கலாகவும்.]

1990-களில் தூங்குகிறவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பெல்ஜியத்தில் பியர் மாக்கேயின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ரெம் தூக்கத்தில் அமிக்டலா, அதாவது பயமும் பதற்றமும் கிளம்பும் இடம், மும்முரமாக வேலை செய்கிறது. காட்சிகளை உருவாக்கும் பகுதிகளும் அப்படியே. ஆனால் நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் ஒரு பகுதி அடங்கிவிடுகிறது. திட்டமிடுவது, சரிபார்ப்பது, "இது இடிக்குதே" என்று நிறுத்திக் கேட்பது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு.

மேனேஜர் லீவு போட்ட அன்றைக்கு ஆபீஸ் ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறார்கள், ஃபைல்கள் நகர்கின்றன, கையெழுத்துப் போட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பாட்டி வீடு பள்ளிக்கூடமாக மாறியபோது நீங்கள் கேள்வி கேட்காததற்குக் காரணம் இதுதான். வேதிப்பொருள்களும் மாறுகின்றன. விழித்திருக்கும்போது நம்மைக் கவனமாக வைத்திருக்கும் நார்அட்ரினலின், ரெம் தூக்கத்தில் மூளையில் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருள் ஏறுகிறது. எழுந்து பல் தேய்ப்பதற்குள் கனவு கரைந்துபோவதற்கும் இந்த மாற்றத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

இவ்வளவு கலவரம் உள்ளே நடந்தும் உடம்பு அசைவதில்லை. தண்டுவடத்துக்குப் போகும் கட்டளைகளை மூளைத்தண்டு, அதாவது மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் அடிப்பகுதி, தடுத்துவிடுகிறது. பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளிடம் இதைக் காட்டினார். அந்தத் தடுப்பு இருக்கும் சின்னப் பகுதியைச் சேதப்படுத்தியதும், பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து பதுங்கின, பாய்ந்தன, எதிரே இல்லாத எதையோ அடித்தன. தடுப்பு விலகுவதற்கு முன்பே நமக்கு விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது. பேய் வந்து அமுக்கியது என்று ஊரில் சொல்வது இந்த நிலையைத்தான்.

மனிதர்களிலும் இந்தத் தடுப்பு பழுதாவது உண்டு. 1986-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மகோவால்ட் ஆகிய மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். கனவில் சண்டை போட்டால் நிஜமாகவே குத்துவார்கள், கட்டிலிலிருந்து பாய்வார்கள். பெரும்பாலும் வயதான ஆண்கள். இவர்களில் பலருக்குச் சில வருடங்கள் கழித்துப் பார்க்கின்சன் போன்ற நோய்கள் வந்தன. அதனால் வீட்டில் யாராவது வயதானவர் தூக்கத்தில் அடிக்கடி கை கால் வீசி அடிக்கிறார் என்றால், "அப்பா இப்பல்லாம் கனவுல கராத்தே பண்றார்" என்று சிரித்துவிட்டுப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

[திரை: இரண்டு பக்கமாகப் பிரிந்த திரை. ஒரு பக்கம் சாய்வு சோபா, மறுபக்கம் ஆய்வுக்கூடம்.]

இனி அர்த்தத்துக்கு வருவோம். இங்கேதான் நூறு வருடச் சண்டை.

சிக்மண்ட் ஃப்ராய்டின் கனவு விளக்க நூல் 1899 நவம்பரில் வெளியானது. அட்டையில் 1900 என்று போட்டிருந்தார்கள். மனம் வெளியே சொல்லத் தயங்கும் ஆசைதான் வேஷம் போட்டுக்கொண்டு கனவாக வருகிறது என்பது அவர் வாதம். வேஷம் போடுவதால்தான் கனவு விசித்திரமாக இருக்கிறதாம். 1977-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் நேர் எதிராகப் போனார்கள். மூளைத்தண்டிலிருந்து தாறுமாறான சமிக்ஞைகள் மேலே வருகின்றன, மேல்மூளை அவற்றைக் கையில் கிடைத்த ஞாபகங்களோடு சேர்த்து எப்படியோ ஒரு கதையாக்குகிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

இரண்டுமே மிகைதான் என்பது என் கருத்து. வேஷம் போடும் மனம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்காகக் கனவு வெறும் இரைச்சல் என்றும் சொல்ல முடியாது. வெறும் இரைச்சல் என்றால் ஒரே பரீட்சைக் கனவு இருபது வருடமாக ஏன் தேடி வர வேண்டும்? ஹாப்சனே பிற்பாடு, கனவில் உணர்ச்சிக்கும் சொந்த வாழ்க்கைக்கும் இடம் உண்டு, அதைப் பார்க்க ரகசிய அகராதி தேவையில்லை என்றுதான் எழுதினார்.

துண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. 2000-இல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற தூக்க ஆய்வாளர் 27 பேரை டெட்ரிஸ் விளையாட வைத்தார், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. தூக்கம் கண்ணைச் செருகும் நேரத்தில் 17 பேருக்கு விழும் கட்டங்கள் தெரிந்தன. விஷயம் அதுவல்ல. அந்த 27 பேரில் 5 பேர் ஞாபகமறதி நோயாளிகள். நேற்று விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. அந்த 5 பேரில் 3 பேருக்கும் கட்டங்கள் வந்தன! என்ன விளையாட்டு, எப்போது விளையாடினோம் என்று தெரியாமலே காட்சி மட்டும் வருகிறது.

அதாவது, தூக்கத்தில் ஞாபகத்தின் விலாசம் கழன்றுவிடுகிறது. இடம், தேதி, ஆள் என்று ஒன்றாகக் கட்டி வைத்த சம்பவம் அப்படியே வருவதில்லை, பிய்ந்த துண்டுகள்தான் வருகின்றன. 2003-இல் 299 கனவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் அன்றாட வாழ்க்கையின் சாயல் இருந்தது. நடந்த சம்பவம் நடந்தபடியே திரும்ப ஓடியது 100-க்கு ஒன்றோ இரண்டோதான். பாட்டியின் முற்றமும் பள்ளிக்கூட மணியும் பக்கத்து சீட்காரரின் முகமும் ஒன்றாக வந்து சேர்வது இப்படித்தான். அவற்றை ஒட்டும் பசை பெரும்பாலும் ஓர் உணர்ச்சி: தயாராக இல்லையே என்ற பதற்றம்.

பரீட்சைக் கனவை ஃப்ராய்டும் கவனித்திருக்கிறார். தான் உண்மையில் தோற்ற சட்ட மருத்துவப் பரீட்சை ஒருநாளும் கனவில் வந்ததில்லை, பயந்து பயந்து எழுதிப் பாஸான தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் வந்தன என்று எழுதுகிறார். இந்த இடத்தில் அவர் கவனிப்பு கூர்மையானது.

[திரை: பாரிஸ். அதிகாலையில் பரீட்சை மையத்துக்கு வெளியே மாணவர் கூட்டம்.]

இதையே பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃபின் குழு பெரிய அளவில் செய்து 2014-இல் வெளியிட்டது. மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய 719 மாணவர்களிடம் கேட்டார்கள். 60 சதவீதம் பேருக்கு முந்தின ராத்திரி பரீட்சைக் கனவு. அந்தக் கனவுகளில் 78 சதவீதத்தில் ஏதாவது கோளாறு: லேட்டாகப் போவது, பதில் மறந்துபோவது. சரி, அவர்கள் நிஜத்திலும் கோட்டை விட்டார்களா? இல்லை. பரீட்சையைக் கனவில் கண்டவர்கள் காணாதவர்களைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள். கனவு கண்டதால் மார்க் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ரொம்ப அக்கறையாகப் படித்தவருக்குக் கனவும் வந்திருக்கலாம், மார்க்கும் வந்திருக்கலாம். ஆனால் தோற்பதுபோல் கனவு வந்தால் தோல்வி என்ற பயத்துக்கு இது போதுமான பதில்.

பல் விழுகிற கனவுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் யாருக்கோ ஆகாது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2018-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், இந்தக் கனவு மனச்சோர்வோடோ பதற்றத்தோடோ பொருந்தவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடு பொருந்தியது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று முதலில் பல் டாக்டரிடம் கேட்கலாம். பரிகாரத்தைவிடச் செலவு குறைவாகத்தான் இருக்கும்.

கனவு எதற்காக இருக்கிறது என்பதில் இன்னும் முடிவு இல்லை. ஆபத்தைச் சமாளிக்க ஒத்திகை என்கிறார் ஃபின்லாந்தின் ஆன்ட்டி ரெவோன்சுவோ. பகல் அனுபவங்களில் மூளை ஒரேயடியாக ஊறிப்போகாமல் இருக்கத்தான் இந்தக் கோணல்கள், விசித்திரமாக இருப்பதே அதன் பயன் என்று 2021-இல் எரிக் ஹோல் சொன்னார். இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. நிரூபணம் இனிமேல்தான்.

அதுவரை நடைமுறைக்கு உதவும் கேள்வி ஒன்று. பாம்பு வந்தால் என்ன பலன், பணம் வந்தால் என்ன பலன் என்று தேடுவதற்குப் பதில், கனவில் என்ன உணர்ச்சி இருந்தது, அதே உணர்ச்சி இந்த வாரம் பகலில் எங்கே வந்தது என்று பாருங்கள். பரீட்சைக் கனவு வந்த வாரத்தில் ஆபீஸில் ஒரு பிரசன்டேஷனோ, மாமனார் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தையோ இருந்திருக்கலாம். எதுவும் இல்லாமலும் இருக்கலாம். எல்லாக் கனவுக்கும் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

[திரை: நோட்டுப் புத்தகம், பேனா. பகல் வெளிச்சம்.]

கெட்ட கனவே திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பகலில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுத வேண்டும். பிறகு அதை உங்கள் இஷ்டப்படி மாற்ற வேண்டும், முடிவையோ நடுவில் எதையோ. மாற்றிய கதையைத் தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பாரி கிராகோவின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டது. மூன்றே அமர்வுகள். இந்தப் பயிற்சி எடுத்தவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கம் தேறியது, அதிர்ச்சியின் மற்ற அறிகுறிகளும் தணிந்தன. விபத்து, வன்முறை, இழப்பு போன்றவற்றுக்குப் பிறகு வரும் கனவுகள் என்றால் இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ கூட இருக்கும்போது செய்யுங்கள். முதல் தடவை முயலும்போது இருப்பதிலேயே பயங்கரமான கனவை எடுக்காமல், கொஞ்சம் லேசான ஒன்றை எடுத்துப் பழகுங்கள்.