அளந்ததை அவளிடம் சொல்லுங்கள்

(மகளிர் கல்லூரி விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, பந்தலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட அரிமா சங்கத் தலைவர் அவர்களே, கவுன்சில் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவி அவர்களே, எனக்குப் பிறகு பேசவிருக்கும் மகப்பேறு மருத்துவர் அம்மா அவர்களே, மாணவிகளே, கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேராக இடம்பிடித்திருக்கும் என் பழைய தோழிகளான கிராம சுகாதார செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. பொன்னாடைக்குப் பதிலாக துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு திரைச்சீலை வாங்கிக் கொடுங்கள் என்று போன வருஷமும் கேட்டேன். சரி, இருக்கட்டும்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். மனித உடம்பின் அளவு விகிதம், கர்ப்ப காலத்தில் எடுக்கும் அளவுகள், மாதவிலக்கு நின்ற பிறகு கவனிக்க வேண்டிய அளவுகள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்தப் பழமொழியை என்னிடம் கேட்டுக் கேட்டு என் தோழிகளுக்குக் காது புளித்திருக்கும். இன்னும் ஓரிரு தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம். வளர்ந்த ஆளுக்குத் தலை உயரத்தில் ஏழரையில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு. இரண்டு மாதக் கருவுக்கோ கிட்டத்தட்ட பாதி உடம்பு தலைதான். நிறைமாதக் குழந்தையின் தலை குறுக்கே சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர். கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டர் திறந்தால் முழுத் திறப்பு என்கிறோம். பிரசவ அறையின் கவலையெல்லாம் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நடந்த கதை. அமெரிக்காவில் ராபர்ட் டிக்கின்சன் என்று ஒரு பெண்கள் நல மருத்துவர். நன்றாகப் படம் வரைவார். கரு வளர்வதையும் குழந்தை பிறப்பதையும் சிற்பமாகச் செய்ய வைத்து 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தவர். அவரும் ஆப்ரம் பெல்ஸ்கி என்ற சிற்பியும் சேர்ந்து, பதினைந்தாயிரம் இளம்பெண்களின் அளவுகளைக் கூட்டி வகுத்து, அந்தச் சராசரியை ஒரு பெண் சிலையாக வடித்தார்கள். நார்மா என்று பெயர் வைத்தார்கள். அளந்தது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும், அதைக் கவனியுங்கள். கிளீவ்லாந்து நகரத்து சுகாதார அருங்காட்சியகம் சிலையை வாங்கியது. 1945 செப்டம்பரில் அந்த ஊர்ப் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது: நார்மா மாதிரியே இருக்கும் பெண் யார்? பரிசு போர்க்காலக் கடன் பத்திரம். உயரம், எடை, மார்பு, இடை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், கணுக்கால், பாதம் என்று ஒன்பது அளவு அனுப்ப வேண்டும்.

எத்தனை பேர் அனுப்பினார்கள் தெரியுமா? 3,864 பேர். வீட்டுக்கு வீடு டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்த்திருப்பார்கள், அக்கா தங்கைக்குள் சண்டைகூட வந்திருக்கும். நடுவர்கள் என்ன நினைத்தார்கள்? கடும் போட்டி, மில்லிமீட்டரில்தான் முடிவாகும் என்று. கடைசியில் ஒன்பதில் ஐந்து அளவாவது சராசரியோடு ஒத்துப்போனவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. ஒன்பதும் ஒத்தவர் ஒருவர்கூட இல்லை. பரிசு வாங்கிய பெண், தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவர், அவருக்கும் ஒத்துப்போகவில்லை! ஊரில் ஒருத்திக்கும் இல்லாத உடம்பை நடுக்கூடத்தில் நிற்க வைத்து, இதுதான் பெண் என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, அதற்குப் பிறகாவது சராசரியின் மேல் சந்தேகம் வந்ததா? இல்லை, பெண்கள் உடம்பைப் பேணவில்லை என்றுதான் பேசினார்களாம்.

அதனால் அளக்கவே வேண்டாம் என்கிறேனா? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். ஆனால் சிலையோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்து அவளோடு ஒப்பிடுங்கள்.

கர்ப்பப்பை உயரத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அளவு கூடிவிடும். மல்லாந்து படுக்க வைத்து, கர்ப்பப்பையின் மேல் விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அடிவயிற்று எலும்பின் மேல் விளிம்பு வரை டேப்பை வைக்கிறோம். எண் இல்லாத பக்கம் மேலே இருக்கட்டும். எண் கண்ணில் பட்டால் கை தன்னால் நகரும். 28 வாரம் என்று தெரிந்துவிட்டால் 28 வரவழைத்துவிடுவோம். பிடித்த பிறகு திருப்பிப் படிக்க வேண்டும். சுமார் 24 வாரத்திலிருந்து 36 வரை எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர், இரண்டு மூன்று கூடலாம், குறையலாம். அதற்கு மேல் விலகினாலோ, அடுத்தடுத்த தடவை ஏறாமல் நின்றாலோ ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். துணி டேப் நாள்பட இழுத்துக்கொண்டு நீளும். இரும்பு அளவுகோலோடு வைத்துப் பாருங்கள்.

வாரத்தைக் கண்டுபிடிப்பது தனிக் கூத்து. ஜெர்மனியில் நேகெலே என்ற மருத்துவர் பெயரில் ஒரு கணக்கு உண்டு: கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டு. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. நம் பெண்கள் தேதியா சொல்வார்கள்? "பொங்கலுக்கு முன்னாடி தலைக்கு ஊத்துனேன் சிஸ்டர்." காலண்டரைப் புரட்டி நாம்தான் பிடிக்க வேண்டும்.

இனி நான் எப்போதும் வந்து நிற்கும் இடத்துக்கு வருகிறேன். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் ஆபத்து. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. இதெல்லாம் நமக்குத் தெரியும். படுத்திருக்கும் பெண்ணுக்கு? "எல்லாம் நல்லாருக்கும்மா, போ" என்று அனுப்புகிறோம். எண் பதிவேட்டுக்குப் போகிறது, கணினிக்குப் போகிறது, மாவட்டக் கூட்டத்துக்குப் போகிறது. அவளுக்கு மட்டும் தெரியாது. ஒரு பெண்ணிடம் கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையைக் கேட்டேன், பிரித்தால் ரத்த அழுத்தக் கட்டங்கள் மூன்று காலி. தலைவலி என்று ராத்திரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எதைக் காட்டுவாள்? ஆற்றில் போட்டதையே அளந்து சொல்ல வேண்டுமென்றால், வயிற்றில் சுமப்பவளிடம் சொல்ல வேண்டாமா?

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை, மணி அடித்துவிட்டார்கள். இடைச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை டாக்டரம்மா சொல்வார்.

அலுவலர் ஐயாவுக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கர்ப்பப்பை உயரம் நான்கையும் அவள் அட்டையில் எழுதி, வாய்விட்டும் சொல்ல வேண்டும். அளக்கும் கட்டிலுக்கு ஒரு திரை வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். தாள் வாசலில் மோர்ப்பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மாணவிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் குடிக்கலாம். டாக்டரம்மா, மைக் உங்களுடையது. வணக்கம்.