பொழுதுபட்ட பிறகு ஜீபீஎஸ் ஏன் தடுமாறுது?

வணக்கம் நேயர்களே. நான் திருகோணமலைல கனகாலமா காணி அளக்கிற ஆள், சேவையர் எண்டா உங்களுக்கு விளங்கும். இண்டைக்குக் காணியப் பத்தி இல்ல, வானத்தப் பத்தித்தான் கதைக்கப் போறன், ஏனெண்டா வானத்தால என்ர வேலை கெட்ட ஒரு பின்னேரத்த நான் இன்னும் மறக்கேல்ல.

மார்ச் மாசக் கடைசி. குச்சவெளில கடற்கரையோட ஒரு காணி, ரெண்டு எல்லைக்கல்லு மட்டும் மிச்சம், பொழுதுபட்டிட்டுது, சரி டோர்ச் அடிச்சு முடிச்சிட்டே போவம் எண்டு நிண்டம். அதுவரைக்கும் ஜீபீஎஸ் ரிசீவர் 2 சென்டிமீட்டருக்குள்ள அசையாம வாசிச்சது. ஏழரை மணி இருக்கும், திரையில இடம் உறுதி எண்டு சொல்ற 'பிக்ஸ்ட்' கிடந்தது, உறுதியில்ல எண்டு சொல்ற 'ப்ளோட்' ஆகிட்டுது, 17 சற்றலைட் 9 ஆச்சு, பிறகு 6, பிறகு திரும்பவும் 11, கல்லு நட்ட இடத்திலயே நிக்குது ஆனா வாசிப்பு ஒரு மீட்டர் கிழக்க போகுது, அரை மீட்டர் மேல ஏறுது. பட்டரி மாத்தினம், அன்டனா கேபிளக் கழட்டிப் பூட்டினம், வானத்தப் பாத்தா ஒரு மேகம் இல்ல. கூட வந்த தம்பி "அண்ண, மிசின் போயிட்டுது போல" எண்டான். அடுத்த நாள் காலம ஏழு மணிக்கு அதே மிசின், அதே கேபிள், அஞ்சு நிமிசத்தில ரெண்டு கல்லும் முடிஞ்சுது.

என்ன நடந்தது எண்டு சொல்றன். ஜீபீஎஸ் சற்றலைட் சுத்துறது 20,200 கிலோமீட்டர் உயரத்தில. அதில இருந்து சிக்னல் வெளிக்கிட்ட நேரத்தையும் வந்து சேந்த நேரத்தையும் வச்சுத்தான் ரிசீவர் தூரம் கணக்குப் போடுது, குறைஞ்சது நாலு சற்றலைட் வேணும். ஒரு செக்கன்ட பத்து லட்சத்தில ஒரு பங்கு பிழைச்சாலே 300 மீட்டர் பிழைக்கும், அவ்வளவு நுணுக்கமான கணக்கு. அந்தச் சிக்னல் வாற வழியில அயன மண்டலம் எண்டு ஒண்டு இருக்கு, ஒரு 60 கிலோமீட்டரில தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் போகும். சூரிய ஒளி அங்க இருக்கிற காத்து அணுக்களில இருந்து எலெக்ட்ரோன உடைச்சு வெளில விடுது. அந்த எலெக்ட்ரோன் கூட்டத்துக்குள்ளால வாற சிக்னல் பிந்தி வருது, பகல் ரெண்டு மணி போலதான் இது கூட, சூரியன் கொதிக்கிற வருஷங்களில பிழை பத்து மீட்டரையும் தாண்டும். ஆனா இது மெதுவா ஏறி மெதுவா இறங்கிற பிழை. சின்ன ரிசீவர்கள் சற்றலைட் அனுப்பிற ஒரு கணக்க வச்சு இதில பாதியளவு கழிச்சிடும். ரெண்டு அலைவரிசை வாங்கிற ரிசீவர் எண்டா, ரெண்டும் வேற வேற அளவில பிந்துறதால, அந்த வித்தியாசத்த வச்சே அநேகமா முழுசாக் கழிச்சிடும்.

குச்சவெளில என்னைக் குழப்பினது இது இல்ல. அது பொழுதுபட்ட பிறகு வாற சங்கதி, காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்கட பக்கம் மாதிரி இடங்களுக்கே உரிய சங்கதி.

காந்த நடுக்கோடு எண்டா பூமியின்ட காந்தப்புலம் நிலத்துக்குச் சமாந்தரமாக் கிடக்கிற கோடு, பூமத்திய ரேகை மாதிரி நேரா இல்ல, வளைஞ்சு வளைஞ்சு போகும், இந்தப் பக்கம் அது எங்கட தலைக்குக் கிட்டத்தான். கேரளாவில தும்பா எண்ட மீன்பிடிக் கிராமத்த இந்தியா ரொக்கட் விடத் தெரிஞ்சதே அந்தக் கோடு அதுக்குக் கிட்டப் போறதாலதான், 1963 நவம்பர் 21 முதல் ரொக்கட் போச்சு, அங்க இருந்த மாதா கோயிலத்தான் அலுவலகமாப் பாவிச்சாங்க.

சூரியன் மறைஞ்சோண்ண அயன மண்டலத்தின்ட கீழ்ப்பக்கம் கெதியா வத்திப்போகும், மேல்ப்பக்கம் வத்தாது, அதோட மின்புலம் ஒண்டு அதை இன்னும் மேல தூக்கும். அடர்த்தியானது மேல, ஐதானது கீழ, தண்ணிய எண்ணெய்க்கு மேல ஊத்தின மாதிரி, அது நிக்காதுதானே? கீழ இருக்கிற ஐதான பகுதி குமிழி குமிழியாப் பிச்சுக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேல போகும். மார்ச் ஏப்ரலும் செப்டெம்பர் ஒக்டோபரும்தான் இங்க இதுக்குச் சரியான காலம், நடுச்சாமத்துக்குப் பிறகு அநேகமா அடங்கும்.

புறாத் தீவில முகமூடி போட்டு நீந்தினவங்களுக்கு இதக் காட்டத் தேவையில்ல. பகலில கீழ பவளப்பாறையப் பாத்தா வெளிச்சம் வலை மாதிரி நடுங்கி ஆடும், ஒரு இடம் பளிச்செண்டு, பக்கத்து இடம் இருட்டு, அடுத்த கணம் மாறிடும். சூரியன் ஆடேல்ல, மேல இருக்கிற சின்ன அலைகள்தான் வெளிச்சத்த ஒரு இடத்தில சேத்து மற்ற இடத்தில பிரிச்சு விடுது. குமிழிக்குள்ளால வாற சிக்னலும் அப்பிடித்தான் விழுது, திடீரெண்டு பலம், திடீரெண்டு ஒண்டுமில்ல, ரிசீவர் பிடிச்ச பிடி விட்டுப் போகுது. இதுக்கு ரெண்டு அலைவரிசை இருந்தும் பிரயோசனம் இல்ல, வராத சிக்னல என்னெண்டு கழிக்கிறது? குமிழி பிறக்கிறது எங்கட பக்கத்தில எண்டாலும் ஆகலும் மோசமான ஆட்டம் காந்தக் கோட்டில இருந்து 15 பாகை தள்ளித்தான், கொல்கத்தா, அகமதாபாத் பக்கம், அங்க எலெக்ட்ரோன் கூட. எங்களுக்கு அவ்வளவு இல்ல, ஆனா சூரியன்ர கொதிப்பு உச்சத்தில நிக்கிற வருஷங்களில காணும் காணும் எண்டாகிடும்.

சூரியன் வெடிச்சு அனுப்புற மின் துகள்கள் பூமிய வந்து மோதுற சூரியப் புயல் வேற கதை. 2024 மே மாசம் வந்தது பெரிசு, அமெரிக்காவில விதைப்புக் காலம், ஜீபீஎஸ்ல நேர்கோடு பிடிச்சு ஓடுற ட்ராக்டர்கள் வயலுக்குள்ள நிண்டுபோச்சு.

கடலுக்குப் போற அண்ணாக்கள் கவனிக்க வேணும். என்ர மச்சான் ஒராள் நிலாவெளில வலைக்குப் போறவர், இரவில வலைக்கு அடையாளமா மிதக்கவிட்ட போயாவத் தேடேக்க இடம் பாய்ஞ்சு பாய்ஞ்சு காட்டுது எண்டு மிசினக் கடையில குடுத்து நல்ல காசும் செலவழிச்சார், அங்க என்னத்தையோ மாத்திக் குடுத்தாங்க, அடுத்த கிழமை ஏழரைக்கு அதே கூத்து. நான் போய் சற்றலைட் காட்டுற பக்கத்தத் திறந்து பாத்தன். எல்லாம் ஒண்டா விழேல்ல, மேற்குப் பக்கம் ரெண்டு மூண்டு விழுந்து, அதுகள் திரும்பி வர, உச்சியில நிண்டதுகள் விழுந்து, பிறகு கிழக்கு. குமிழி செக்கனுக்கு 100 மீட்டர் அளவில கிழக்க நகரும், அதுதான் அப்பிடி. மிசின் பழுதெண்டா இப்பிடி வரிசையா நடக்காது. ஆகவே காசு குடுக்க முதல் அந்தப் பக்கத்தப் பாருங்க, கொம்பாஸக் கையோட வச்சிருங்க, கோணேசர் மலை லைற்றும் கரை லைற்றும் எந்தப் பக்கம் எண்டு வெளிக்கிடேக்கயே மனசில எடுங்க. ரிசீவர் புதுசா வாங்கிறதெண்டா ஜீபீஎஸ்ஸோட ரஷ்யா, ஐரோப்பா, சீனா சற்றலைட்டுகளையும் பிடிக்கிறதா வாங்குங்க, நாலஞ்சு விழுந்தாலும் மிச்சத்தில இடம் எடுக்கும்.

நான் ஒரு கொப்பி வச்சிருக்கிறன், எந்தத் திகதி, எத்தின மணிக்கு சற்றலைட் விழுந்தது எண்டு எழுதிறன். என்னட்ட இருக்கிறது கரை மட்டும்தான். கடலில நிக்கிறவங்க, இந்தச் செப்டெம்பர் ஒக்டோபரில உங்கட மிசின் தடுமாறினா திகதியையும் நேரத்தையும் ஒரு துண்டில எழுதி இங்க நிலையத்தில குடுங்க, எனக்கு வந்து சேரும்.