காய்க்குக் காம்பு உண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

விக்கிப்பீடியாவில் செடிகொடிகளைப் பற்றி எழுதுவது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அமுக்குவது, எங்கே தட்டச்சு செய்வது என்று நான் சொல்லிக்கொண்டே போனால், வானொலியை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு செடியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். நல்ல மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும், வாசற்படி ஓரத்திலும் சாக்கடைக் கரையிலும் தொட்டிச் செடிக்கு அடியிலும் யாரும் விதைக்காமலே முளைத்து நிற்கும். இரண்டு சாண் வளர்ந்தால் அதிகம். கீழாநெல்லிதான்.

நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் எல்லோருக்கும் நான் தொந்தரவாகிவிட்டேன் போலிருக்கிறது. "நீங்க இதுல எழுதுங்க அத்தை" என்று மருமகள் மடிக்கணினியைத் திறந்து முன்னால் வைத்தாள். விக்கிப்பீடியா 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கியது, தமிழில் 2003-இல் வந்தது. கட்டுரைகளைச் சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதுவதில்லை. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான் எழுதுகிறார்கள், அடுத்தவர் எழுதியதைத் திருத்துகிறார்கள். யார் எந்த நிமிடம் எதை மாற்றினார் என்பது 'வரலாறு' என்ற பகுதியில் பதிவாகும். எழுதிப் பழக மணல்தொட்டி என்று ஓர் இடம் உண்டு, பொது விஷயங்களைக் கூடிப் பேச ஆலமரத்தடி என்று ஓர் இடம் உண்டு. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசனை உள்ளவர்.

முப்பது வருடம் கீழாநெல்லியைப் பிள்ளைகளுக்குக் காட்டியவள் என்ற தெம்பில், என் வீட்டு வாசலில் நின்ற செடியைப் படம் எடுத்து ஏற்றினேன். கீழே கீழாநெல்லி என்று எழுதினேன். மூன்றாம் நாள், கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில் ஒருவர் இரண்டே வரி போட்டிருந்தார். "படம் தெளிவாக இருக்கிறது, நன்றி. காய்க்குக் காம்பு தெரியவில்லையே, கவனித்தீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. புனைபெயரில் எழுதுகிற யாரோ, வயது என்ன, படிப்பு என்ன, ஒன்றும் தெரியாது. 'நான் தாவரவியல் ஆசிரியை' என்று பதில் தட்டச்சு செய்தேன். அனுப்புவதற்கு முன்னால், என்னதான் இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று பழைய கைவில்லையைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் குனிந்தேன். காம்பு இல்லை. காய்கள் தண்டோடு ஒட்டிக்கொண்டு, சொரசொரவென்று, லேசாகச் சிவந்து இருந்தன.

விஷயம் இதுதான். நாம் பொதுவாகக் கீழாநெல்லி என்று பிடுங்கி வருகிற செடிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இனம் இருக்கிறது. உண்மையான கீழாநெல்லி ஃபிலாந்தஸ் அமாரஸ். அதன் காய் வழவழப்பானது, சின்னக் காம்பில் இலைக்குக் கீழே தொங்கும். அதற்குப் பக்கத்திலேயே, அதே மண்ணில், அதே உயரத்தில் வளர்கிற இன்னொன்று ஃபிலாந்தஸ் யூரினேரியா. சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். அதற்குக் காய் கரடுமுரடாக இருக்கும், காம்பு இருக்காது. நான் ஏற்றியது இரண்டாவதை. வகுப்பில் எத்தனை வருடம் எதை எதைக் காட்டினேனோ, இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தட்டச்சு செய்த பதிலை அழித்தேன். மறுநாள் தூய வளனார் கல்லூரியில் இருக்கும் ரேபினாட் உலர்தாவரகத்துக்குப் போனேன். பாதர் மேத்யூ தொடங்கிய இடம். தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அவர் தொகுத்த பெரிய தொகுதிகள் அங்கே உருவானவைதான். அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே எப்போது பறித்தது என்று எழுதி வைத்திருக்கும் செடிகளை ஒன்றொன்றாகப் பார்த்தபோது, நான் காட்டியது எது, காட்டத் தவறியது எது என்று புரிந்தது. படத்தை நானே நீக்கினேன். காரணத்தையும் எழுதினேன். வரலாற்றில் இன்றைக்கும் அது இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

படம் சரியானதும் பெயரில் மாட்டிக்கொண்டேன். கடையில் விற்கிற கீழாநெல்லி மாத்திரைப் புட்டி பலவற்றில் ஃபிலாந்தஸ் நிரூரி என்று இருக்கும். பழைய புத்தகங்களிலும் அப்படித்தான். நிரூரி என்ற பெயரை, செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் கொடுத்தார். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தது. நம் ஊர்ச் செடியை அதுவென்று நினைத்துத் தலைமுறை தலைமுறையாக எழுதிவிட்டார்கள். நம்முடையதற்கு உரிய அமாரஸ் என்ற பெயர் 1827-இல், ஆப்பிரிக்காவில் கிடைத்த செடியை வைத்துச் சூட்டப்பட்டது. அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. மென்று பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஒரு சந்தோஷமும் கிடைத்தது. அருநெல்லிக்கு ஃபிலாந்தஸ் அசிடஸ், பெரிய நெல்லிக்கு ஃபிலாந்தஸ் எம்பிளிகா, கீழாநெல்லிக்கு ஃபிலாந்தஸ் அமாரஸ். பெயரின் முதல் சொல் ஒன்றே, அதாவது மூன்றும் ஒரே பேரினம். நெல்லி ஆளுயரத்தைத் தாண்டும் மரம், கீழாநெல்லி முழங்காலைத் தொடாத பூண்டு. இரண்டும் ஒரு குடும்பம் என்று லின்னேயஸுக்கு முன்பே நம் ஆட்கள் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்? செடிக்குக் கீழாநெல்லி என்று பெயர் வைத்தவர் இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கேரளத்தில் தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸில்கூட இது 'கிர்கனெலி' என்று இருக்கிறது. டச்சுக்காரர் காதில் கீழாநெல்லி அப்படி விழுந்திருக்கிறது.

அறிவியல் பெயர் நிரந்தரம் என்றும் நினைக்காதீர்கள். கருவேல மரத்தை அகேசியா என்று நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன்! 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டது. நம் கருவேலம் இப்போது வகெலியா. பக்கத்தில் பழைய பெயரையும் விடாமல் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய புத்தகத்தை வைத்துத் தேடுகிறவர் வந்து சேர மாட்டார்.

அடுத்தது மருந்து. இங்கேதான் எங்களுக்குள் சண்டை வரும். கீழாநெல்லிப் பக்கத்தில் 'மஞ்சள் காமாலையைக் குணப்படுத்தும்' என்று நான் ஒரு வரி எழுதினேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மோரில் அரைத்துக் குடித்தவர்கள், எழுதாமல் என்ன செய்வேன்? மறுநாள் அந்த வரி இல்லை. 'சான்று தேவை' என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

சான்று தேடப் போனேன். சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கிறது. எஸ்.பி. தியாகராஜன் முதல் ஆசிரியர். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். வைரஸை உடம்பில் நெடுநாள் சுமந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி, 23 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பிறகு பரிசோதித்தபோது கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் இல்லை, மற்றவர்களில் ஒருவருக்குத்தான் இல்லை. படித்ததும் துள்ளிவிட்டேன். ஆனால் முழுக் கதையும் அதுவல்ல. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் சோதித்ததும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களைத்தான். காமாலை என்பது ஒரே நோயும் அல்ல, பித்தப்பைக் கல்லாலும் வரும், மதுவாலும் வரும், எலிக்காய்ச்சலாலும் வரும். பெயர்க் குழப்பம் இங்கேயும் விடவில்லை: அதே குழுவினர் 1987-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் நிரூரி, 1988-இல் அமாரஸ்.

கடைசியில் அந்த ஒரு வரி மூன்று வரி ஆனது. சித்த மருத்துவத்தில் காமாலைக்குக் கொடுக்கிறார்கள் என்பது முதல் வரி. 1988 ஆய்வு என்ன சொன்னது என்பது இரண்டாவது. பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை என்பது மூன்றாவது. 'கொடுக்கிறார்கள்' என்பதற்கும் 'குணப்படுத்தும்' என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை முப்பது வருடம் பாடம் நடத்தியும் நான் கவனித்ததில்லை. இந்த ஒரு சொல் மாற்றத்தை ஐம்பது செடிப் பக்கங்களில் செய்து கொடுத்தாலே பெரிய உதவி. அதற்குத் தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். நம் மாநில மலரான செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் கார்த்திகைப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காக வயலில் பயிரிடுகிறவர்களுக்கு அது கண்வலிக்கிழங்கு. செடி முழுக்கக் கோல்ச்சிசின் என்ற நச்சு. கிழங்கைச் சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு தவறான படமோ, 'கிழங்கு மருந்தாகும்' என்ற ஒரு மொட்டை வரியோ யார் வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது.

பெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவை யாழ்ப்பாணத்தாரும் படிக்கிறார்கள், நாகர்கோவில்காரரும் படிக்கிறார்கள். இங்கே முந்திரி என்றால் பாயசத்தில் வறுத்துப் போடுவது. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை! நம் முந்திரி அங்கே மரமுந்திரிகை. நம் பப்பாளி அங்கே பப்பாசி. நம் மரவள்ளி கன்னியாகுமரியில் மரச்சீனி. எதைத் தலைப்பாக வைப்பது என்று உரையாடல் பக்கங்களில் சில சமயம் பஞ்சாயத்தே நடக்கும். ஒரு பெயரைத் தலைப்பாக்கிவிட்டு மற்றதற்கு 'வழிமாற்று' போட்டால் எந்தப் பெயரால் தேடினாலும் ஒரே பக்கம் வரும். என் கட்சி என்னவென்றால், தலைப்புக்காக மூன்று நாள் வாதாடுவதைவிட விட்டுப்போன வட்டாரப் பெயர் ஒன்றைச் சேர்ப்பது மேல்.

உங்களில் யாராவது தொடங்குவதாக இருந்தால் படத்தில் தொடங்குங்கள். ஒரு செடிக்கு ஒரு படம் போதாது. இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ, காய், தண்டு, பிறகு முழுச் செடி, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி. எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதுங்கள். படம், எல்லா விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்துக்குப் போகும். அங்கே வைத்துவிட்டால் உலகில் யாரும், வியாபாரத்துக்குக்கூட, உங்கள் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம். மனம் ஒப்பினால் மட்டும் ஏற்றுங்கள். இணையத்தில் கிடைத்த பிறர் படத்தை ஏற்றாதீர்கள், பிறர் கட்டுரையை அப்படியே ஒட்டாதீர்கள். நீக்கிவிடுவார்கள், நீக்கத்தான் வேண்டும். செடி என்னவென்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். எனக்குக் கேள்வி கேட்டாரே, அவரைப் போல ஒருவர் வருவார்.

அவர் யாரென்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பையன். இப்போது என்னை 'டீச்சர்' என்கிறான், ஆனால் திருத்துவதை நிறுத்தவில்லை.

போன மாதம் உழவர் சந்தையில் வழக்கமாகக் கீரை வாங்குகிற அம்மாவிடம் கீழாநெல்லி கேட்டேன். கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு செடியையும் கவிழ்த்துப் பார்த்து, மூன்று செடியைத் தனியே எடுத்துப் போட்டார். "ஏம்மா?" என்றேன். "அது செவப்பும்மா, காய் தண்டோட அப்பிக்கிட்டிருக்கும். நம்ம சாப்புடுறது தொங்கும்" என்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "இதெல்லாம் ஒருத்தர் சொல்லிக்குடுப்பாங்களா?" என்று என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்.

அவர் சொன்னதை அப்படியே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. கலைக்களஞ்சியத்தில் அதைச் சேர்க்க முடியாது. அச்சில் வந்த சான்று கேட்பார்கள், அதற்குப் பக்க எண் கிடையாது. அந்தப் பையனிடம் சொன்னேன். "நீங்களே எங்கயாவது ஒரு இதழ்ல எழுதி அச்சாக்குங்க டீச்சர், நான் வந்து மேற்கோள் போடுறேன்" என்றான். அந்த நோட்டில் இப்போது நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது.

வணக்கம்.